இடது கைக்குப் போடாத மருந்து

கொளஞ்சிநாதனுக்குக் கையில் வெள்ளை விழுந்த விஷயம் அவருக்கே ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிய வந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டில் வேலை பார்க்கிற யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "பின்ன எப்பிடித் தெரியும்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

அவர் வேலை கிளேஸ் முக்குவது. கிளேஸ் என்றால் பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற வெள்ளைக் கரைசல். மின்சாரப் பெட்டியில் மாட்டுகிற ஃபியூஸ் கட்டையை அதில் முக்கி, எடுத்து, உதறி, பலகையில் அடுக்க வேண்டும். அது சூளைக்குப் போகும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். காலையில் எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயந்திரம் வரைக்கும் இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே வெள்ளை. குழாயடியில் கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வரும். அந்த ஊரில் அதை யாரும் அழுக்கு என்று சொல்வதில்லை.

ஒரு தீபாவளிக்கு யூனிட் ஒரு வாரம் லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் மனைவி வேம்பு கையைப் பார்த்துவிட்டு, "போயி ஒழுங்கா கழுவிட்டு வாங்க, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். கழுவிவிட்டு வந்தார். மறுபடியும் அனுப்பினாள். மூன்றாம் தடவை பாத்திரம் தேய்க்கிற நாரைக் கையில் கொடுத்தாள். நார்தான் தேய்ந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் இட்லி ஆறிப்போகிற வரைக்கும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத் தோல் வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. வேலைக்கும் அதனால் ஒரு குறையும் இல்லை, முக்குகிற கை எப்படியும் வெள்ளைதான். கொளஞ்சிநாதன் அதை அப்படியே விட்டிருப்பார். விட முடியாமல் போனதற்குக் காரணம் சாம்பார்.

அவரைக் கிளேஸ் முக்குகிறவராக அந்தப் பக்கத்தில் நாலு பேருக்குத் தெரிந்தால் அதிகம். பந்தியில் சாம்பார் ஊற்றுகிற ஆளாகக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அதே ஜில்லாவில் இருக்கிற மங்களூர் வரைக்கும் தெரியும். சமையல் கான்ட்ராக்ட் ஆள் இல்லை, கூலிக்குப் போகிறவரும் இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியைத் தூக்கிவிடுவார். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. நூறு இலை நீளப் பந்தியில் ஒரு சொட்டு வடை மேல் விழாது. "போதும் போதும்" என்று ஒருவர் சொன்னால் அது நிஜமான போதுமா, மரியாதைக்குச் சொல்கிற போதுமா என்று முகத்தைப் பார்க்காமலே தெரியும். முருங்கைக்காய் வராத இலைக்குத் திரும்பி வந்து ஒன்று போட்டுவிட்டுப் போவார். மாப்பிள்ளை பேர் மறந்துபோன கல்யாணத்திலும் அவர் ஊற்றிய சாம்பாரைப் பற்றிப் பேசுவார்கள். மனுஷனுக்கு அதில் ஒரு பெருமை. இருக்கட்டுமே, வேறு எதில் இருந்தது?

வெள்ளை தெரிந்த அடுத்த வருஷம் ஒரு காதுகுத்து. கொளஞ்சிநாதன் வாளியைத் தூக்கினார். அவர் கூடப் பிறந்த அக்கா விருத்தாம்பாள் வேகமாக வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நீ ஒக்காருடா, களைப்பா இருப்ப, பசங்க பாத்துக்குவாங்க" என்று வாளியை வாங்கிக்கொண்டாள். அவர் களைப்பாக இல்லை. முந்தின நாள் லீவு போட்டு நன்றாகத் தூங்கியிருந்தார். ஆனாலும் அக்கா சொல்கிறாளே என்று உட்கார்ந்தார். அடுத்த விசேஷத்தில் பங்காளி ஒருவர் அவரைக் களைப்பாக இருப்பதாகச் சொன்னார். அதற்கடுத்ததில் சமையல்காரரே சொன்னார். நாலு வருஷம் சொந்தபந்தம் முழுக்க அவருடைய களைப்பைப் பற்றி அக்கறையாக இருந்தது. ஒருத்தர்கூட ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்று ஒருவர் சொன்னார். கிளேஸில் இருக்கிற மருந்தால் வந்தது என்றார் இன்னொருவர். அப்படியென்றால் பக்கத்தில் நின்று முக்குகிற பத்து பேருக்கும் ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவர்களுக்கு ராசி நல்லாயிருக்குது என்றார். ஒருவர் கொடுத்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றதில் கை கொப்பளித்தது.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே தோல் பிரிவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் டாக்டர் சிவசங்கரி இருந்தாள். முப்பது வயசு இருக்கும். இந்த வெள்ளை ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சொந்த ஊர் கம்மாபுரம் என்று தெரிந்ததும் கொளஞ்சிநாதனுக்கு அரைப் பயம் போயிற்று. அவர் விருத்தாசலம் என்றதும் அவளும் "ஐயா"விலிருந்து "அண்ணே"வுக்கு வந்துவிட்டாள்.

"தோலுக்கு நெறம் குடுக்கிறதுக்குன்னு தனியா செல்லு இருக்குதுண்ணே. அத உங்க ஒடம்புல இருக்கிற டி செல்லே போயி அழிக்குது" என்றாள்.

"எதுக்கும்மா அழிக்குது? நான் அதுக்கு இன்னா பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. கிருமி உள்ள வந்தா அழிக்கிறது அதோட வேல. சில பேருக்கு ஆளு தெரியாம சொந்த செல்லயே அழிச்சிடுது. ஏன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

கொளஞ்சிநாதனுக்கு அவளைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அதுவரை பார்த்த அத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"எங்க யூனிட்டுல ஒரு செக்கர் இருந்தாம்மா" என்றார். "நல்ல கட்டையா பாத்து விரிசல்னு தூக்கி எறிவான். அந்த மாதிரி போலருக்குது."

"அதேதான். அவர இன்னா பண்ணீங்க?"

"வேற வேலைக்கு மாத்துனோம். இன்னும் அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கான்."

சிவசங்கரி சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "என் ஆராய்ச்சியே அதாண்ணே" என்றாள். இந்த டி செல்களில் கொஞ்சம் நிறத்தை அழித்துவிட்டுப் போகாமல் அந்த இடத்துத் தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறதாம். ஒரு புது க்ரீம் போட்டால் அடங்கி நிறம் திரும்புகிறது. க்ரீமை நிறுத்தினால் நிறையப் பேருக்கு அதே இடத்தில் மறுபடியும் வெள்ளை விழுகிறது. நிறம் திரும்பின தோலுக்குள்ளும் அந்தச் செல் உட்கார்ந்திருக்கிறதா, எத்தனை இருக்கிறது என்று அவள் எண்ண வேண்டும். கடைசியாக, பத்து மாசத்துக்குக் க்ரீம் கொடுப்போம், காலையும் சாயந்திரமும் இரண்டு கைக்கும் போட வேண்டும், மாசா மாசம் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

கொளஞ்சிநாதன் வீட்டுக்கு வந்து வலது கைக்கு மட்டும் போட்டார்.

சோம்பேறித்தனம் இல்லை. மறதியும் இல்லை. யூனிட்டில் புதுக் கிளேஸ் வந்தால் ஒரு கட்டையைப் பாதிதான் முக்குவார்கள். பாதிக்குப் புதுசு, பாதிக்குப் பழசு. முழுசாக ஒன்றுக்குப் புதுசும் இன்னொன்றுக்குப் பழசும் போட்டுச் சூளையில் வைத்தால், ஒன்று நன்றாக வந்தது கிளேஸாலா, அது நின்ற இடத்துச் சூட்டாலா என்று சாமி வந்தாலும் சொல்ல முடியாது. ஒரே கட்டை, ஒரே சூடு, பாதிப் பாதி என்றால் சண்டையே இல்லை. இதை அவர் இருபத்திரண்டு வருஷமாகச் செய்கிறார். அந்தம்மா ஆராய்ச்சி என்றார்கள், சோதனை என்றார்கள். சோதனை என்றால் பாதிதான் முக்க வேண்டும் என்பது படித்தவர்களுக்குத் தெரியாதா என்ன, சொல்ல மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சாம்பார் ஊற்றுகிற கைக்கு முதலில் ஆகட்டும் என்று வலதைத் தேர்ந்தெடுத்தார்.

நாலாம் மாசம் வலது புறங்கையில் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக நிறம் கிளம்பியது. ஏழாம் மாசம் புள்ளியெல்லாம் ஒன்றுசேர்ந்து கை பாதிக்குமேல் பழைய கையாகிவிட்டது. இடது கை அப்படியே இருந்தது. கொளஞ்சிநாதனுக்கு மருந்து வேலை செய்கிறது என்று திருப்தி. சிவசங்கரிக்குத் தூக்கம் போயிற்று. ஒரே ஆளுக்கு ஒரு கை ஆறுகிறது, இன்னொரு கை அசையவில்லை. இப்படி இருப்பதாக அவள் எங்கேயும் படித்ததில்லை. தன் பேராசிரியருக்கு இடது கையைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தாள்.

ஏழாம் மாசம் போனபோது, "ட்யூப்பு தீந்திருக்கும், புதுசு ரெண்டு தரேன்" என்றாள்.

"வாணாம்மா. வூட்டுல ஏழு ட்யூப்பு பிரிக்காமயே கெடக்குது."

சிவசங்கரி அவரையே பார்த்தாள். அப்புறம் அவர் இடது கையைப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே. எடது கைக்கு மருந்து போட்டீங்களா, இல்லியா?"

"இல்லம்மா. சோதனதானே?" என்று ஆரம்பித்துப் பாதி முக்குகிற விஷயத்தை ஆற அமரச் சொல்லி முடித்தார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தார்.

வந்தது பாராட்டு இல்லை. "ஏழு மாசம்! ஏழு மாசமா அந்தக் கையப் பாத்துப் பாத்து நான் பைத்தியம் புடிச்சுக் கெடக்குறேன். ஒரு வார்த்த சொல்ல வாணாமா? சொன்னத செய்யலைன்னா உங்கள இதுல இருந்தே எடுக்கணும், தெரியுமா?" கம்மாபுரத்துக் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. கொளஞ்சிநாதன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு திட்டை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்த பஸ்ஸில் மூன்று மணி நேரமும் அவருக்கு மனசு ஆறவில்லை. அரையும் குறையுமாக வந்த கை, க்ரீம் நின்றால் என்ன ஆகும் என்று வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் நாள் சிவசங்கரியே போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது. பேராசிரியர் முதலில் திட்டினாராம், அப்புறம் எழுந்து நடந்தாராம். ஒரே ஆள், ஒரே ரத்தம், ஒரே வயசு, ஒரு கைக்கு மருந்து, ஒரு கைக்கு இல்லை. இப்படிக் கிடைத்தால் ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசமெல்லாம் அடிபட்டுப் போகும். மருந்து எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று நேராகப் பார்க்கலாம்.

"அதத்தாம்மா நானும் சொன்னேன்" என்றார் கொளஞ்சிநாதன்.

"ஆமாண்ணே, சொன்னீங்க" என்றாள். "இப்பகூட நீங்க எடது கைக்குப் போடலாம். போட்டா அதுவும் ஆறும். ஆராய்ச்சி முடிஞ்சா க்ரீம் கெடைக்காது, இன்னும் கடைக்கு வரல. அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? பாதி முக்கின கட்டையை நடுவில் எடுத்து முழுசாக முக்கினால் அது சோதனையே இல்லை. அதைச் செய்தவனை யூனிட்டில் யாரும் மதிக்க மாட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்றார். அதற்கு ஆஸ்பத்திரி கமிட்டி ஒப்புதல் வேண்டும் என்று பதினோரு கேள்வி அனுப்பினார்கள். அதில் ஒன்று, உங்களை யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்பது. ஃபியூஸ் கட்டைதான் என்று சொல்ல நினைத்தார், இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் மாசத்துக்கு வலது கை முழுசாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விருத்தாம்பாள் மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஜூன் மாசம் ஆறாம் தேதி, விருத்தாசலத்திலேயே மண்டபம். பத்திரிகை வைக்க வந்த விருத்தாம்பாள், தம்பி தண்ணீர் செம்பை நீட்டியபோது அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. "சரியாப்போச்சேடா! கனிஷ்கா கல்யாணத்துல சாம்பார் வாளி ஒனக்குத்தான், வேற எவனும் தொடப்படாது" என்றாள். அவள் போனபின் கொளஞ்சிநாதன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். வேம்புவுக்குத் தெரியும். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிற வீட்டில் யாருக்குத்தான் தெரியாது?

மே கடைசி வாரம் சிவசங்கரி கூப்பிட்டாள். இரண்டு கையிலிருந்தும் மூன்று மில்லிமீட்டர் தோல் வேண்டும். ஒரு தையல் போடுவார்கள். மாசக் கடைசியோடு க்ரீமும் நிற்கிறது, செல்லைப் பிரித்து எண்ணுகிற மெஷினும் வேறு ஆராய்ச்சிக்குப் போகிறது. அதனால் இருபத்தாறாம் தேதிக்குள் எடுத்தாக வேண்டும்.

"ஒண்ணு சொல்லிடுறேண்ணே. இந்த நோவு இருக்கிறவங்களுக்குத் தோல்ல காயம் பட்டா, அந்த எடத்துல புதுசா வெள்ள விழலாம். நல்லா வந்த கையில வைக்கிறோம். வாணாம்னா வாணாம்னு சொல்லுங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டோம்."

வாய் அப்படிச் சொன்னது. குரல், அவளுடைய மூன்று வருஷ வேலை அதில் நிற்கிறது என்று சொன்னது. கொளஞ்சிநாதனுக்கு இரண்டும் கேட்டது.

வேம்பு நேராகவே சொன்னாள். "கல்யாணம் முடியட்டும். அதுக்கப்பறம் முழங்கை வரைக்கும்கூட அறுத்துக் குடுத்துட்டு வாங்க, நான் ஏன்னு கேக்கல. நாலு வருசமா பந்தியில வாளி போவுற பக்கமே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. பக்கத்துல ஒக்காந்திருந்தவ நான். இப்பப் போயி எதுக்கு?" அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அந்த வாரம் யூனிட்டில் ஒரு சூளை பிரித்தார்கள். ஒவ்வொரு சூளைக்கும் ஒரு கட்டையை உடைத்துப் பார்ப்பது வழக்கம், உள்ளே வரைக்கும் வெந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். உடைக்கிற கட்டையை எடுத்துக் கொடுப்பது கொளஞ்சிநாதன் வேலை. கோணல் மாணலாக வந்ததை எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் அதை உடைத்து என்ன தெரிந்துகொள்வது? இருப்பதிலேயே நல்லதைத்தான் எடுப்பார். அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார். சுத்தியல் விழுந்தது. உடைந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். முதலாளி, "இன்னாப்பா, வேகலியா?" என்று கேட்டார். வெந்திருக்குது என்றார். இருபத்தாறாம் தேதி காலையில் வேம்புவிடம் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறினார். அவள் தயிர்சாதம் மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

எடுக்கும்போது வலிக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஒவ்வொரு கையிலிருந்தும் எடுத்த தோல் ஒரு மிளகு அளவுகூட இல்லை. சிவசங்கரி அந்த இரண்டு சின்னக் குப்பிகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து, குழந்தை பிறந்த ஆஸ்பத்திரியில் நிற்கிற மாதிரி நிற்கிறாளே என்று நினைத்தார்.

நாலாம் நாள் போன் வந்தது. கொளஞ்சிநாதன் கையைத் துடைத்துக்கொண்டு யூனிட் வாசலுக்கு வந்து பேசினார்.

"ரெண்டு கையிலயும் இருக்குதுண்ணே" என்றாள். "எடது கையில அதிகம். வலது கையில கொறைவு, அடங்கிக் கெடக்குது. ஆனா இருக்குது. போவல."

"நெறம் வந்துடுச்சேம்மா?"

"நெறம் வந்துடுச்சு. அது போவல. க்ரீமு நின்னா அதே எடத்துல திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். எப்பன்னு சொல்ல முடியாது. ஒரு வருசம் ஆவலாம், ஆறு மாசமும் ஆவலாம். வராமயும் போவலாம்." அப்புறம், "நீங்க மட்டும் ரெண்டு கைக்கும் போட்டிருந்தா இவ்ளோ தெளிவா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

கொளஞ்சிநாதன் நன்றி சொல்லிவிட்டு வைத்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. வலது கையைத் திருப்பிப் பார்த்தார். தையலைத் தவிர அப்பழுக்கில்லாத கை. இது தன்னுடையது இல்லை, கொஞ்ச நாளைக்கு வந்திருக்கிறது. வேம்புவிடம்கூட அன்று சொல்லவில்லை.

ஆறாம் தேதி மண்டபத்தில் காலை ஏழரைக்குத் தாலி கட்டினார்கள். ஒன்பது மணிக்கு முதல் பந்திக்கு இலை போட்டாயிற்று. முகூர்த்தம் முடிந்த கையோடு சாப்பாடே போட்டுவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. சொந்தக்காரர் மாயவன் பந்தி மேற்பார்வை. தையல் பிரித்த இடம் வலது கையில் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றது, அவ்வளவுதான். கொளஞ்சிநாதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனார். விருத்தாம்பாள் அரக்குப் பட்டுப்புடவையில் வியர்க்க விறுவிறுக்க அங்கேயே காத்திருந்தாள். சாம்பார் வாளியை அவளே நிரப்பி வைத்திருந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துண்டு.

"இந்தா, இத எடது கைக்குச் சுத்திக்க" என்றாள். "வாளி சூடு தாங்கலன்னு சுத்தியிருக்கான்னு நெனைச்சுக்குவாங்க. வலது கைதான் நல்லாயிருக்குதே."

கொளஞ்சிநாதன் துண்டை வாங்கவில்லை.

"யக்கா, இதுவும் திரும்ப வெள்ளையாவும்."

"எது?"

"இந்த வலது கை. உள்ள அது அப்பிடியே இருக்குதாம். டாக்டரம்மா எண்ணிப் பாத்துச் சொல்லிட்டாங்க. இன்னைக்கி ஒரு கைக்குத் துண்டு குடுக்குற. அடுத்த வருசம் ரெண்டு கைக்கும் குடுப்பியா? இல்ல, திரும்பக் களைப்பா இருப்பன்னு சொல்லுவியா?"

நாலு வருஷத்தில் அவர் அக்காவிடம் சொன்ன முதல் குத்தல் அதுதான். விருத்தாம்பாளுக்கு முகம் செத்துப்போயிற்று. துண்டை அங்கேயே ஒரு மூட்டை மேல் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். கல்யாண நாளில் இப்படியா பேசுவாய் என்று கொளஞ்சிநாதன் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஆனால் வாளி அவருக்கு முன்னால் இருந்தது, ஆவி பறந்துகொண்டிருந்தது. இடது கையால் தூக்கினார். துண்டு இல்லாமல் தூக்கினார்.

பந்திக்கு வந்தவர் முதல் வரிசையைப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டாம் இலைக்கு முன்னால் விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பெண்ணைப் பெற்றவள் கடைசிப் பந்தியில் எல்லாரும் சாப்பிட்ட பின் இருப்பதைச் சாப்பிடுகிறதுதான் அந்தப் பக்கத்து முறை. இவளானால் பட்டுப்புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பக்கத்து இலையில். மாயவன் ஓடி வந்து காதருகே குனிந்தார்.

"இன்னாக்கா இது? சம்பந்தி வூட்டுக்காரங்க மொத்தப் பேரும் பாக்குறாங்க. பொண்ணோட அம்மா மொதப் பந்தியில ஒக்காரலாமா? எழுந்திரிங்க."

"பசிக்குது" என்றாள் விருத்தாம்பாள்.

மாயவன் நிமிர்ந்து, சம்பந்தி வீட்டார் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவைத்தார்.

கொளஞ்சிநாதன் முதல் இலைக்கு வந்தார். அது பெரியப்பாவின் இலை. வாளியோடு இடது கை அவர் முகத்துக்கு நேராக வந்தது, மணிக்கட்டு வரைக்கும் பால் வெள்ளை. பெரியப்பா அதைப் பார்த்தார். சட்டென்று உள்ளங்கையை விரித்துச் சோற்றின் மேல் மறைத்தார்.

"வேணாங்க. நான் சாம்பார் சாப்புடறதில்ல. ரசம்தான்."

மரியாதையாகத்தான் சொன்னார். கொளஞ்சிநாதன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலால் சோற்றில் குழி பறித்தாள். அவர் ஊற்றினார். இரண்டு முருங்கைக்காய் விழுந்தது, வடை மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவள் பிசைந்தாள், ஒரு வாய் வைத்தாள், மென்றாள், விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. "இன்னும் ஊத்துடா" என்றாள். ஊற்றினார். அந்த வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் வாயை எடுத்துக்கொண்டே விருத்தாம்பாள் பக்கத்து இலையின் மேல் இன்னும் விரிந்திருந்த கையைப் பார்த்தாள்.

"ரசமும் எந் தம்பிதாங்க ஊத்துவான்" என்றாள். மென்று முடித்துவிட்டு, "மோரும் அவன்தான்" என்றாள்.

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கையை எடுத்தார்.